மோக் மாஸ்டரின் இரண்டு விரல்கள்

மாட்டு நுரையீரல் துண்டை வாயில் போட்டு இரண்டு மெல்லு மெல்லவில்லை, பாவ்தியனின் பிடரியில் ஒரு கை விழுந்தது. அடுத்த நொடி அவன் நெற்றி குடல்வண்டியின் தகர விளிம்பில் போய் மோதியது. கிண்ணம் பறந்தது. இரைப்பைத் துண்டுகளும் முள்ளங்கியும் காரச்சாறும் அவனுடைய ஒரே நல்ல சட்டையில் வழிந்தன.

"கம்பி எண்ணிட்டு வந்து இறங்கி ஒரு நாள் ஆகல. அதுக்குள்ள துரைக்குக் குடல் கேக்குதா, குடல்?"

குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டான். ஹொய்லுங். சந்தையில் பாம்புக்கடை வைத்திருப்பவன். ஏழு வருடத்துக்கு முன்னால் பாவ்தியன் யாருடைய விரல்களை வெட்டினானோ, அந்த மோக் மாஸ்டரின் கூடப்பிறந்த தம்பி.

ஹொய்லுங் அவன் முகத்தைக் கொதிக்கும் குடல் சட்டிக்கு மேலே பிடித்து அழுத்தினான். ஆவி கண்ணைத் தீய்த்தது. வண்டிக்காரி கத்தரியால் பெருங்குடலை நறுக்கிக்கொண்டே கத்தினாள். "டேய், என் சட்டியில முடி விழுதுடா! அடிச்சுக்கணும்னா அந்தப் பக்கம் போய் அடிச்சுக்கங்க!" சுற்றி நின்று தின்றுகொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் ஒரு அடி நகர்ந்து நின்றார்கள், அவ்வளவுதான். தென்சீனத்துக் குவாங்சோவின் மேற்குச் சந்துகளில் காலை எட்டு மணிக்குக் கொலையே விழுந்தாலும் ஜனங்கள் முதலில் கிண்ணத்தைக் காலி செய்வார்கள். ஆறிப்போன குடலைத் தின்பது அவர்களுக்குக் கொலையைவிடப் பெரிய பாவம்.

பாவ்தியனின் முழங்கை தானாகப் பின்னால் பாய்ந்தது. ஹொய்லுங்கின் விலாவில் சரியாக இறங்கியது. 'ஹக்' என்று ஒரு சத்தம் வந்தது. சிறையில் பழகிய முழங்கை அது, அவனைக் கேட்டுக்கொண்டு பாயவில்லை. உடனே அவன் கையை இழுத்துக்கொண்டான். இந்தச் சந்துக்குள் திரும்பக் கால் வைக்கும்போது இனிமேல் யார் மேலும் கை ஓங்குவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வைத்திருந்தான். அந்தச் சபதம் ஒரு கிண்ணம் குடல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

அடி வாங்கிய ஹொய்லுங்குக்கு வெறி ஏறியது. பாவ்தியனின் வலது கையை முறுக்கி, குடல் நறுக்கும் பலகை மேல் அறைந்து வைத்தான். இடுப்பிலிருந்து பாம்பு உரிக்கும் வளைந்த கத்தியை உருவினான். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது பாம்பைத் தாடையிலிருந்து வால் வரைக்கும் கிழிக்கிற கத்தி.

"ரெண்டு விரல். எங்கண்ணன் இழந்த அதே ரெண்டு. நீயா வச்சா வலி கம்மி."

பாவ்தியன் கண்ணை மூடிக்கொண்டான். 'டொம்' என்று கேட்டது. வலிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் ஹொய்லுங் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் யூக் அக்கா, கையில் வண்டிக்காரியின் சட்டி மூடியோடு.

யூக் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. வெள்ளி நாரைத் தேநீர் மாளிகையில் முப்பது வருடமாகப் பலகாரத் தள்ளுவண்டி தள்ளுகிறவள். அந்தச் சந்தில் பிறந்த பாதிப் பேருக்கு முதல் இறால் கொழுக்கட்டையை ஊட்டியவள் அவள்தான். அவளைத் திருப்பி அடிக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"மூளையைப் பாம்புக்குப் போட்டுட்டியாடா? பட்டப்பகல்ல, பத்துப் பேர் பாக்க வெட்டிட்டு நீ உள்ள போயிடு. உன் பொண்டாட்டி பாம்பு உரிக்கட்டும்."

"அக்கா, நீங்க இதுல தலையிடாதீங்க."

"தலையிடுவேன். இழந்தது நீயா, உங்கண்ணனா? ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு இவன் நாரைக்கு வரட்டும். உங்கண்ணனுக்கு டீ ஊத்தி மன்னிப்புக் கேக்கட்டும். அவர் ஏத்துக்கிட்டா இவன் இந்தச் சந்துல இருப்பான். வெட்டுன்னு சொன்னா இவன் கையை நானே பிடிச்சுத் தர்றேன். போதுமா?"

ஹொய்லுங் தரையில் துப்பினான். அந்த ஊரில் தப்பு செய்தவன் டீ ஊற்றுவதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. "ஞாயிறு" என்றான். "ஏழு மணி. ஓடிப்போனா உங்க கோதுமை வயல் வரைக்கும் வந்து வெட்டுவேன்."

"என் சட்டி மூடி நெளிஞ்சுபோச்சு" என்றாள் வண்டிக்காரி.

*

கோதுமை வயல் என்று அவன் சொன்னதில் தப்பில்லை. பாவ்தியன் வடக்கே, ஹெனான் மாகாணத்துக்காரன். மூன்று வேளையும் மாவு தின்று வளர்ந்தவன். இருபத்தைந்து வயதில் வேலை தேடி இந்த ஊருக்கு வந்து, நாரையின் சமையல்கட்டில் எடுபிடியாகச் சேர்ந்தான். அங்கே அவனுக்குப் பெயரே கிடையாது. 'மாவுதின்னி' என்றால் அவன் திரும்பிப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் முழுவதும் அவன் வெறுஞ்சோறு மட்டும் தின்றான். கோழிக்காலை நகத்தோடு வறுத்து ஆவியில் வேகவைத்து, சின்ன எலும்பாகத் துப்பித் துப்பித் தின்றார்கள். பன்றி ரத்தம் கட்டியாகக் கஞ்சியில் மிதந்தது. ஹொய்லுங் தினமும் காலையில் வந்து பாம்புப் பித்தத்தைப் பிதுக்கிச் சாராயத்தில் விட்டு ஒரே மடக்கில் குடித்தான். 'இது என்ன?' என்று பாவ்தியன் கேட்ட ஒவ்வொரு தடவையும் சமையல்கட்டே ஒன்றுகூடி அவனை முட்டாளாக்கியது. ஒரு தடவை கழுவுதொட்டி அடைப்பில் எடுத்த கொழுப்பை விருந்துச் சரக்கு என்று சொல்லி நக்க வைத்தார்கள். இன்னொரு தடவை, நல்ல விலை போகிற காய்ந்த தவளைக் கொழுப்பை அவன் குப்பை என்று ஒதுக்கிவைக்க, சிரித்துச் சிரித்துப் புரண்டார்கள். பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். கேட்காமல் விட்டதில்தான் எல்லாம் வந்தது.

அது ஐப்பசி மாதம். கடலோதம் பொங்கி ஆற்றில் பெருவெள்ளம் ஏறி இறங்குகிற நாலைந்து நாள் மட்டும் நெல்வயல்களிலிருந்து வயல்புழு வரும். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, விரல் நீளத்துக்கு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நெளியும். இந்த ஊர்க்காரர்கள் அதற்காக வருடம் பூராவும் காத்திருப்பார்கள். நாரையின் தலைமைச் சமையல்காரர் மோக் மாஸ்டரின் புழுச்சட்டிக்குப் பன்னிரண்டு மேசை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். விடியற்காலையில் மாஸ்டரின் ஆற்றங்கரைச் சொந்தக்காரர்கள் ஒரு பெரிய அண்டா நிறையக் கொண்டுவந்து சமையல்கட்டு மூலையில் ஈரத்துணி போட்டு மூடிவைத்துவிட்டுப் போனார்கள்.

பாவ்தியன் ஏழு மணிக்குத் துணியைத் தூக்கிப் பார்த்தான். அண்டா முழுக்கப் புழு. அழுகிப்போன இறைச்சியை எவனோ மறந்துவிட்டான், பழியை நம் தலையில் கட்டுவார்கள் என்று நினைத்தான். யாரையும் கேட்கவில்லை. அடுப்பில் தளதளத்துக்கொண்டிருந்த வெந்நீரை எடுத்து அண்டாவில் கவிழ்த்தான். புழுக்கள் வெடித்துப் பாலாகக் கலங்கின. அவ்வளவையும் சாக்கடையில் கொட்டி, அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தான். தேய்த்த தேய்ப்பில் தன் முகம் தெரிந்ததைப் பார்த்துச் சந்தோஷம்கூடப் பட்டான்.

மோக் மாஸ்டர் வந்தார். கவிழ்ந்திருந்த அண்டாவைப் பார்த்தார். சாக்கடை வாயில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பிடிப் புழுவைப் பார்த்தார், அதில் வெந்நீர் படாத சிலது இன்னும் உயிரோடு இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சட்டென்று கை நீட்டிவிடுவார். இரும்புக் கரண்டியை எடுத்து முதல் அடியை முதுகில் வைத்தார், இரண்டாவதைக் காதில். மூன்றாவதில் பாவ்தியன் முட்டி போட்டுவிட்டான். பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"எது சாப்பாடு, எது குப்பைன்னு தெரியாத வாய்க்குச் சொல்லித் தர்றேன் பாரு" என்று சொல்லி, சாக்கடை வாயில் கிடந்த அந்தப் பிடியை அப்படியே அள்ளினார். இடது கையால் அவன் தாடையை நெரித்துப் பிளந்தார். வலது கையால் திணித்தார். இரண்டு விரலைத் தொண்டை வரைக்கும் விட்டுத் தள்ளினார். புழுக்கள் நாக்குக்கு அடியில் நெளிந்தன. மூக்கு வழியாகச் சாக்கடைத் தண்ணீர் வந்தது. "ருசி பாருடா மாவுதின்னி!" என்று யாரோ கத்த, சமையல்கட்டு முழுக்கச் சிரிப்பு அதிர்ந்தது.

மோக் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பியபடி வெட்டுமேடைக்குத் திரும்பினார். நறுக்கிய பூண்டை ஒதுக்க வலது கையை நீட்டினார். பாவ்தியன் எழுந்தான். வெட்டுக்கத்தி பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து ஒரே போடு போட்டான்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பன்றிக்கால் வெட்டுகிற சத்தம்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பூண்டுக் குவியலுக்குள் கிடந்தன. மோக் மாஸ்டர் தன் கையைப் பார்த்தார், பூண்டைப் பார்த்தார், ஏதோ கணக்குத் தப்பிவிட்ட மாதிரி திரும்பவும் கையைப் பார்த்தார். அப்புறம்தான் ரத்தம் பீறிட்டது. அப்புறம்தான் அலறினார். பாவ்தியன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, போலீஸ் வரும்வரை வாந்தி எடுத்தான்.

ஏழு வருடம் போட்டார்கள். அப்பா ஒரே ஒரு கடிதம் எழுதினார், வீட்டுப் பக்கம் தலை வைக்காதே என்று. வெளியே வந்தபோது அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், தெரிந்த சந்தும் ஒன்றுதான். கால்கள் இங்கே கொண்டுவந்து விட்டன.

*

ஞாயிறு வரைக்கும் யூக் அக்கா அவனைத் தன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் படுக்கவைத்தாள். வியாழக்கிழமை மதியம் கஞ்சி கொடுக்கும்போது அவன் கேட்டான்.

"மாஸ்டர் இப்ப எப்படி இருக்காரு, அக்கா?"

"கொழுக்கட்டைக்கு மடிப்பு பிடிக்க வராது. வேலை போச்சு. சந்தை வாசல்ல காய்ஞ்ச ஆரஞ்சுத் தோல் விக்கிறாரு. அதைக்கூடத் தாங்கிக்கிட்டாரு." அவள் தட்டில் இருந்த ஊறுகாய்க் கிழங்கை அவன் பக்கம் தள்ளினாள். "நாரைக்கு வர்றதை விட்டுட்டாரு. அதுதான் எனக்குப் பொறுக்கல."

"ஏன் விட்டாரு?"

"எப்படித் தட்டுவாரு?"

அவனுக்குச் சுருக்கென்றது. நாரையில் பக்கத்தில் இருப்பவன் உன் கோப்பையில் டீ ஊற்றினால், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் மூன்று தட்டு தட்ட வேண்டும். அதுதான் நன்றி. வாயால் சொல்ல மாட்டார்கள். வாய் பேச்சுக்கு வேண்டும். விலைவாசி, மச்சான் செய்த துரோகம், நேற்றுப் போட்ட பந்தயம், எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். டீ விழும், விரல் தட்டும், பேச்சு அறுபடாது.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்து நாலு நாள் வந்தாரு" என்றாள் யூக் அக்கா. "யாராவது ஊத்தினா அந்தக் கை தானா மேலே வரும். வந்து நிக்கும். மேசையே பேச்சை நிறுத்திட்டு அந்தக் கையைப் பாக்கும். இடது கையால தட்டிப் பாத்தாரு. ஒருத்தன் அய்யோ பாவம்னு சொல்லிட்டான். அன்னைக்கு எந்திரிச்சுப் போனவருதான். இருபத்தஞ்சு வருஷம் தினம் வேலைக்கு இறங்கறதுக்கு முன்னாடி அங்க உக்காந்து டீ குடிச்ச மனுஷன்டா. உன்னால வீட்டுல தனியா உக்காந்து டீ குடிக்கிறாரு."

அவன் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டான். வெட்டியது விரலை மட்டும்தான் என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கைக்கு முன்னால் போய் டீ ஊற்றுவதா? அது மன்னிப்பா, கேலியா?

சனிக்கிழமை ரயில் நிலையம் வரைக்கும் போனான். வடக்கே போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டி கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு திரும்பி நடந்தான். தைரியத்தினால் என்று சொல்ல மாட்டேன். அந்த வண்டி போகிற ஊரிலும் அவனை வா என்று சொல்ல ஆள் இல்லை.

*

ஞாயிறு காலை நாரை வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. நடு மேசையில் ஹொய்லுங் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சந்தைக்காரர்கள் நாலு பேர், சாட்சிக்கு. ஹொய்லுங்குக்கு முன்னால் செய்தித்தாளில் சுருட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. அது பாம்புக் கத்தி இல்லை, நீளம் அதிகம். வாத்து வெட்டுகிற கத்தி என்று பாவ்தியனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"உக்காரு துரை" என்றான் ஹொய்லுங். "கடைசியாப் பத்து விரலோட ஒரு தடவை உக்காரு."

பாவ்தியன் உட்கார்ந்தான். ஊர் வழக்கப்படி முதல் வடிநீர் டீயை ஊற்றி எல்லோருடைய கோப்பையையும் சாப்பாட்டுக் குச்சிகளையும் கழுவினான். கோப்பைகள் உரசிக் கிணுகிணுத்தன. சந்தைக்காரன் ஒருவன் கோழிக்கால் எலும்பைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "இப்பவே கை ஆடுது பாரு. வெட்டுறப்ப குறி தப்பும்டா ஹொய்லுங்."

ஏழு மணிக்கு மோக் மாஸ்டர் வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. அவர் உள்ளே வந்ததும் மேசை மேசையாகப் பேச்சு நின்றது. ஏழு வருடம் கழித்து வருகிற மனிதர். அந்த நிசப்தத்தில் அவர் முகம் இறுகியதைப் பாவ்தியன் பார்த்தான். அவர் யாரையும் பார்க்காமல் வந்து அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

யூக் அக்கா தள்ளுவண்டியில் வேறொன்றும் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு மண்சட்டி. மோக் மாஸ்டர் முதல் நாளே சொல்லிவைத்திருந்தாராம். சட்டிக்குள் முட்டை பொன்னிறமாக உப்பி நின்றது. பூண்டும் ஆரஞ்சுத் தோலும் மணந்தன. முட்டைக்குள்ளிருந்து அங்கங்கே பழுப்பாகப் புழுக்கள் எட்டிப் பார்த்தன. அதே ஐப்பசிதான், அதே பெருவெள்ளம்தான்.

"தின்னு" என்றார் மோக் மாஸ்டர்.

"மாஸ்டர், நான்..."

"தின்னுடா."

ஹொய்லுங் எழுந்து பின்னால் வந்து அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான். "வாயைத் திறக்கலைன்னா நான் திறக்கிறேன்."

"விடுடா அவனை" என்றார் மாஸ்டர், குரலை உயர்த்தாமல். "நான் திறந்து திணிச்சுதான் இவ்வளவும் ஆச்சு. அவனாத் தின்னட்டும்."

ஹொய்லுங் முடியை விட்டான், விடுகிற சாக்கில் முகத்தை மேசையில் ஒரு இடி இடித்துவிட்டு. பாவ்தியனின் உதடு கிழிந்தது. அந்த உதட்டோடு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான்.

பாலாடையும் நண்டுக் கருவும் சேர்ந்த மாதிரி கரைந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய், கடைசியில் ஆரஞ்சுத் தோலின் சின்னக் கசப்பு. ரத்தமும் சேர்ந்துதான் உள்ளே போனது, இருந்தும் அவன் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான ஒன்றைத் தின்றதில்லை. அதுதான் அவனை உடைத்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். இதையா சாக்கடையில் கொட்டினோம், இதற்காகவா ஒரு மனிதனை வெட்டினோம் என்று கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நிறுத்த முடியாமல் இன்னொரு துண்டை எடுத்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, மாஸ்டர்."

"நல்லாத்தான் இருக்கும். நான் சொல்லச் சொல்ல ஹொய்லுங் பொண்டாட்டி செஞ்சது. என் கையால செஞ்சிருந்தா நீ எந்திரிச்சு ஆடியிருப்ப." அவர் சட்டியைத் தள்ளிவைத்தார். "சரி, ஊத்து."

பாவ்தியன் எழுந்து நின்றான். இரண்டு கையாலும் கெண்டியை எடுத்தான். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. ஹொய்லுங் செய்தித்தாளைப் பிரித்தான். கத்தி வெளியே வந்தது. பாவ்தியன் மாஸ்டரின் கோப்பையை நிரப்பி, தலை குனிந்து நின்றான்.

"தப்பு பண்ணிட்டேன், மாஸ்டர்."

மோக் மாஸ்டரின் வலது கை பையிலிருந்து வெளியே வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் அவன் கடைசியாகப் பார்த்த கை. கட்டைவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். நடுவில் பளபளவென்று இரண்டு மொட்டைகள். அது மேசை மேல் வந்து, கோப்பைக்குப் பக்கத்தில் நின்றது.

"இந்தக் கைதான் உன் வாயில சாக்கடையைத் திணிச்சுது" என்றார். "அது தப்புதான். அதுக்கு நீ எடுத்துக்கிட்டது ரொம்ப ஜாஸ்திடா. இங்க டீ ஊத்தினா தட்டணும். நான் எதைத் தட்டுறது? சொல்லு."

அவருடைய இடது கை பாய்ந்து அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தது. சமையல்காரன் பிடி, அதில் ஏழு வருடம் எதுவும் குறையவில்லை. அவன் கையை இழுத்து மேசை மேல் பரப்பி அழுத்தினார். ஹொய்லுங் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கத்தி தோள் உயரத்துக்கு ஏறியது. "சொல்லுண்ணே. ஒரே வெட்டு."

இழுத்துக்கொண்டு ஓடலாம். மணிக்கட்டை முறுக்கி, முழங்கையை மாஸ்டரின் தொண்டையில் இறக்கிவிட்டு ஓட ஒரு நொடி போதும். அவன் உடம்புக்கு அது தெரியும், தோள் அதற்குத் தயாராகவே இருந்தது. பாவ்தியன் அந்தத் தோளைத் தளர்த்தினான். கையை விட்டுவிட்டான். அது மேசை மேல் செத்த மீன் மாதிரி கிடந்தது.

அவன் எதிர்க்கவில்லை என்பது மோக் மாஸ்டரின் பிடிக்குத் தெரிந்தது. பிறகு அவனுடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தார். மடக்கினார். ஓங்கி மேசையில் அடித்தார்.

ஒன்று. முட்டித் தோல் பிய்ந்தது. இரண்டு. கோப்பை துள்ளி டீ சிந்தியது. மூன்றாவது அடியில் எலும்பு நொறுங்கியதோ என்று பாவ்தியனுக்குத் தோன்றியது. மேசைத்துணியில் அவன் ரத்தம் இரண்டு பொட்டாக நின்றது.

மோக் மாஸ்டர் இடது கையால் கோப்பையை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"அண்ணே!" ஹொய்லுங்கின் குரல் உடைந்தது. "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்னு யார் சொன்னது?" மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "வெட்டிட்டா அந்த ரெண்டு விரல் யாருக்கும் ஆகாது. எனக்கு விரல் வேணும்டா. டேய் மாவுதின்னி, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு இங்க இருக்கணும். என் வலது பக்கம் உக்காரணும். எனக்கு எவன் ஊத்தினாலும் நீ தட்டணும். மழை பேஞ்சாலும் தட்டணும், காய்ச்சல் அடிச்சாலும் தட்டணும். நான் சாகுற வரைக்கும். ஒரு நாள் வரலைன்னா இவன்கிட்ட கத்தியைக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன். புரியுதா?"

"புரியுது, மாஸ்டர்."

ஹொய்லுங் கத்தியை மேசை மேல் வீசினான். அப்படியே திரும்பி, முழு வேகத்தில் பாவ்தியனின் வாயில் ஒரு குத்து விட்டான். நாற்காலியோடு அவன் பின்னால் விழுந்தான். ஒரு பல் ஆடியது. பக்கத்து மேசைக் கஞ்சி அவன் மேல் கவிழ்ந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் மாஸ்டர்.

"முடிஞ்சுது. அது என் பங்கு." ஹொய்லுங் முட்டியை உதறிக்கொண்டே உட்கார்ந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். யாரும் பார்க்காத மாதிரி ஒரு கோழிக்காலை எடுத்துக் கடித்தான்.

யூக் அக்கா பாவ்தியனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, நாற்காலியை மாஸ்டரின் வலது பக்கம் போட்டு உட்காரவைத்தாள். "பக்கத்து மேசைக்கு வேற கஞ்சி கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். மெல்ல மெல்ல மேசைகளில் இரைச்சல் திரும்பியது.

மோக் மாஸ்டர் சந்தைக்காரனிடம் பேச ஆரம்பித்தார். முதலில் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆரஞ்சுத் தோல் இந்த வருடம் நனைந்துவிட்டது, ஈரத்தோலைக் காய்ந்த தோலென்று தலையில் கட்டப் பார்த்த வியாபாரியின் முகத்தில் மூட்டையைக் கவிழ்த்தேன் என்று சொல்லச் சொல்லச் சூடு ஏறியது. கண்கள் பளிச்சிட்டன. மூன்று விரல் கை மேசைக்கு மேலே ஏறி, காற்றில் அந்த வியாபாரியைப் பிடித்து உலுக்கியது. அதை அவர் மறந்தே போய்விட்டார்.

பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் எட்டி அவர் கோப்பையில் டீ ஊற்றினார்.

பாவ்தியனின் வாய் நிறைய ரத்தம். வலது கை வீங்கத் தொடங்கியிருந்தது, விரலை மடக்கினால் உயிர் போனது. மடக்கினான். மேசையில் மூன்று தட்டு தட்டினான்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்புறம் அந்த அயோக்கியன் என்ன சொன்னான்ங்கிற" என்று, விட்ட இடம் தெரியாமல், பேசிக்கொண்டே இருந்தார்.